300 பார் காற்று: விலை குறைந்த மெஷினில் பத்திரமாக ஏற்றுவது எப்படி

ஷாப்பியில் தேடிப் பாருங்கள், காற்றை 300 பாருக்கு, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றைப்போல் சுமார் 300 மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும் கொம்ப்ரெசர் ஆயிரம் வெள்ளிக்கு முன்னே பின்னே விலையில் வரிசையாக வந்து நிற்கும். முன்பெல்லாம் டைவிங் கடைக்காரர்களும் தீயணைப்பு நிலையங்களும் மட்டும் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது பினாங்குப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு தாமான் வீட்டுப் போர்ச்சில் வைத்துச் செய்துவிடலாம். மெஷினோடு வரும் காகிதத்தில் பாதி விஷயம் இருக்காது. யூடியூப்பில் சொல்லிக் கொடுப்பவர்களோ பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள், அவர்கள் ஊர்க் காற்று வேறு, நம்ம ஊர்க் காற்று வேறு. பினாங்கில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் கணக்கை அப்படியே பிடித்தால், காற்றை அடைத்து வைக்கும் உலோகத் தோம்புக்குள் காற்றோடு தண்ணீரும் சேர்ந்து ஏறும். அதைத்தான் இங்கே கொஞ்சம் விலாவாரியாகச் சொல்லப்போகிறேன்.

எல்லையை முதலிலேயே போட்டுவிடுகிறேன். இங்கே பேசுவது வெறும் காற்று, கூடவே கொஞ்சம் நைட்ரஜன். ஸ்கூபா தோம்பு, பட்டறையில் பைப்பு கசிகிறதா என்று பார்ப்பது, இந்த மாதிரி வேலைகளுக்காக. இந்த மெஷின்கள் வெளிநாட்டில் பெரும்பாலும் ஏர் கன்னுக்காக விற்கப்படுபவை. நம்ம நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏர் கன்னும் ஆயுதம்தான், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மெஷின் வாங்கும் முன் இன்னொரு கேள்வி: உங்களுக்கு உண்மையில் மெஷின் தேவையா? ஏர்கோன் வேலை செய்பவர், பட்டறை வைத்திருப்பவர் என்றால் அநேகமாகத் தேவையில்லை. எரிவாயு விற்பவரிடம் 50 லிட்டர் நைட்ரஜன் தோம்பை டெபாசிட் கட்டி எடுத்துக்கொள்ளலாம், அதில் 150 அல்லது 200 பார் ஏற்கெனவே இருக்கும். அதிலிருந்து, அதே அழுத்தத்துக்குச் செய்த ஒரு லிட்டர் சின்னத் தோம்புக்குப் பிரித்து விட்டால், 200 பார் 196 ஆகக் குறையும், அவ்வளவுதான். ஓட்டுவதற்கு மோட்டார் இல்லை, சூடு கம்மி, எண்ணெய் இல்லை, காற்று சுத்தமாகக் காய்ந்தது. ரெகுலேட்டரும் சரியான ஹோஸும் வாங்கினால் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், நைட்ரஜன் மூச்சுக்கு ஆகாது. கதவு சாத்திய சின்ன அறையில் அது கசிந்தால் வாசனையும் வராது, மூச்சுத் திணறலும் தெரியாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார்.

டைவிங்குக்குப் போகிறவர் வருடத்தில் நாலைந்து தடவைதான் தியோமான் தீவுக்கோ பெர்ஹெந்தியான் தீவுக்கோ போவார் என்றால், அங்கே உள்ள கடையில் ஏற்றிக்கொள்வது மெஷினை வாங்கிப் பராமரிப்பதைவிட மலிவு. அரை லிட்டருக்கும் குறைவான குட்டித் தோம்பு என்றால் மூன்று கட்டக் கைப்பம்பு இருக்கிறது. நூற்றுக்கணக்கான தடவை குத்த வேண்டும், கை வலிக்கும், ஆனால் ஓய்வு விட்டு விட்டுக் குத்துவதால் பம்பு தானாகவே ஆறும். இதையெல்லாம் தாண்டியும் வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

எவ்வளவு பெரிய விஷயத்தைக் கையில் எடுக்கிறோம் என்று ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தோம்பில் 300 பார் காற்று ஏற்றினால், அதற்குள் அடைபட்டிருக்கும் சக்தி சுமார் 140 கிலோஜூல். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் ஒரு மைவி காரின் வேகத்துக்குள்ள சக்தியும் கிட்டத்தட்ட அதேதான். அது வெறும் ஒரு லிட்டர். ஸ்கூபா தோம்பு 11, 12 லிட்டர். பட்டறையில் டயருக்குக் காற்றடிக்கும் சாதாரண கொம்ப்ரெசர் 8 முதல் 10 பார்தான், அதில் பழகிய கைக்கு இந்தப் பயம் வராது. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

தோம்பு

காசை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால், மெஷினில் மிச்சம் பிடித்தாவது தோம்பில் போடுங்கள் என்பேன். மெஷின் கெட்டால் நின்றுபோகும். தோம்பு கெட்டால் வெடிக்கும்.

பழைய தோம்பு ஒன்றை யாராவது விற்க வந்தால், விலையைக் கேட்கும் முன் தோள்பட்டையைப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே வளைகிற இடத்தில் எழுத்துகள் குத்தியிருக்கும். தூசியையும் உப்பையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் குழிவிழுந்த எழுத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், எத்தனை லிட்டர், செய்த மாதம் வருடம், கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை செய்த தேதி, வரிசை எண், இவை இருக்க வேண்டும். பெயின்ட் தடவி எழுத்தை மூடியிருந்தாலோ, அரத்தால் ராவியிருந்தாலோ, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

தண்ணீர்ச் சோதனை என்பது தோம்பில் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஏற்றி, உடல் எவ்வளவு உப்புகிறது, திரும்ப எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பது. தண்ணீரை ஏன் வைக்கிறார்கள் என்றால் அது அநேகமாகச் சுருங்காது, அதனால் அதில் சக்தி அடைபடாது. தோம்பு கிழிந்தாலும் தண்ணீர் பீய்ச்சுவதோடு நின்றுவிடும். இதனால்தான் 'நானே காற்றை ஏற்றி டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்பவரிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும், அது டெஸ்ட் இல்லை. ஸ்கூபா தோம்புகளுக்குப் பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒரு தண்ணீர்ச் சோதனை, வருடம் ஒருமுறை வால்வைக் கழற்றி உள்ளே பார்க்கும் சோதனை என்பது வழக்கம். டைவிங் கடைகளில் கேட்டால் எங்கே அனுப்பலாம் என்று சொல்வார்கள்.

அலுமினியத் தோம்பு என்றால் இன்னொரு சங்கதி. 1980களின் கடைசி வரைக்கும் 6351 என்ற கலவையில் நிறைய தோம்புகள் செய்தார்கள். அந்தக் கலவை, அழுத்தத்திலேயே வருடக்கணக்கில் இருந்தால் கழுத்துப் பகுதியில் மெல்ல விரிசல் விடும் என்பது பிறகு தெரியவந்தது, சில வெடித்தும் இருக்கின்றன. அப்புறம் வந்தவை 6061. அந்தக் காலத்து அலுமினியத் தோம்பு யாராவது தாத்தா வீட்டு ஸ்டோரில் இருந்து எடுத்துக் கொடுத்தால் பூச்சாடிக்குத்தான் லாயக்கு. நார் சுற்றிய கார்பன் தோம்புகளுக்கு ஆயுள் எழுதியே இருக்கும், பலவற்றில் 15 வருடம். அது முடிந்தால் முடிந்ததுதான், பார்க்கப் புதிதாக இருக்கிறது என்பது ஒரு வாதமே இல்லை.

தீயணைப்பான் பாட்டில், ஏர்கோன் கேஸ் வரும் தூக்கியெறியும் தோம்பு, வீட்டுச் சமையல் கேஸ் தோம்பு, வெல்டிங் போட்டு ஒட்டிய எந்த டாங்கியும், இவையெல்லாம் இந்த வேலைக்கு இல்லை. வெல்டருக்குக் கை எவ்வளவு நேர்த்தி என்றாலும் இல்லை. 200 பாருக்கு மேல் தாங்கும் தோம்புகள் தையல் இல்லாமல் ஒரே உலோகத்தில் இழுத்துச் செய்தவை.

இருப்பதிலேயே பலவீனமானது எது

மெஷினில் 300 என்று எழுதியிருப்பது மெஷினின் கதை. தோம்பு 207 பார், வால்வு 232 பார், ஹோஸ் 630 பார், கேஜ் 400 வரை காட்டும், இப்படி ஒரு வரிசையை மாட்டினால் உங்கள் எல்லை 207. சாதாரண அலுமினிய ஸ்கூபா தோம்பு பெரும்பாலும் 207 பார்தான். இதில் சிக்கல் என்னவென்றால், மெஷினில் உள்ள பாதுகாப்புத் தகடு 300க்கு மேலேதான் கிழியும், அது மெஷினைக் காப்பாற்ற வைத்தது. நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் தோம்பு 207ஐத் தாண்டி 260க்குப் போனாலும் அந்தத் தகடு சும்மாதான் இருக்கும். ஆகவே தோம்பின் எல்லைக்கு ஏற்றபடி தனியாக ஒரு ரிலீப் வால்வு, அதாவது அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து காற்றை வெளியே விடும் வால்வு, ஏற்றும் ஹோஸ் பக்கம் வேண்டும். தானாக நிற்கும் கேஜ் உள்ள மெஷின் நல்லதுதான், அதை ரிலீப் வால்வுக்குப் பதிலாக நினைக்க வேண்டாம், அது ஒரு சுவிட்ச் மட்டுமே.

தகடு கிழிந்தால் ஏன் கிழிந்தது என்று பார்க்க வேண்டும். கைக்குக் கிடைத்த பத்துக் காசையோ, இரண்டு தகடுகளை ஒன்றாகவோ வைத்து முறுக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அக்கம்பக்கத்தாரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

ஸ்கூபா வால்வில் டின் என்கிற திருகு வகை இரண்டு உண்டு. 200 பார் வகையில் ஐந்து சுற்று மரை, 300 பார் வகையில் ஏழு. 200 பார் இணைப்பானை 300 பார் வால்வில் திருகினால் அடி வரை போகாது, அடைபடாது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள், அதற்கு அடாப்டர் தேடி ஏமாற்றக் கூடாது. யோக் எனப்படும் கவ்வி வகை 232 பாரோடு சரி.

சின்ன ஹோஸ்களில் வரும் எட்டில் ஒரு அங்குல மரை இன்னும் மோசமான பொறி. பிஎஸ்பி என்றால் அங்குலத்துக்கு 28 மரை, என்பிடி என்றால் 27, கூடவே எம்10 என்று ஒன்று. மூன்றும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், ஒன்றில் மற்றது இரண்டு சுற்று ஏறவும் ஏறும். அப்புறம் இறுகும், 'சரி பிடித்துவிட்டது' என்று தோன்றும். 200 பாரில் அது குண்டு மாதிரி வெளியே வரும். கையால் எளிதாக நாலைந்து சுற்று ஓடாத எதையும் ஸ்பானர் போட்டு இறுக்காதீர்கள், மரை அளக்கும் சீப்பு ஒன்று ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். நேர் மரைக்கு ரப்பர் ஒட்டிய வாஷர்தான் அடைப்பு. வெள்ளை டேப்பைச் சுற்றி அதை ஈடுகட்ட முடியாது.

சூடு

காற்றை அமுக்கினால் சுடும், சைக்கிள் பம்பு பிடித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். அளவு மட்டும் பலருக்குத் தெரியாது. 30 டிகிரிக் காற்றை ஒரே அமுக்கில் 300 பாருக்குக் கொண்டுபோனால், ஆற வழியில்லாவிட்டால் கணக்குப்படி 1,200 டிகிரியைத் தாண்டும். அதனால்தான் கட்டம் கட்டமாக அமுக்கி, நடுவில் ஆறவிடுகிறார்கள். இரண்டு கட்டம் என்றால் ஒவ்வொன்றிலும் 400 டிகிரிப் பக்கம் வரும், மூன்று கட்டம் என்றால் 250 பக்கம். விலை குறைந்த மெஷின்கள் இரண்டு கட்டம். பாயர், கோல்ட்ரி மாதிரி டைவிங் மெஷின்கள் மூன்று அல்லது நான்கு கட்டம், விலை வித்தியாசத்தில் பாதி அங்கே இருக்கிறது. நிஜத்தில் உலோகம் சூட்டை இழுத்துக்கொள்வதால் இவ்வளவு ஏறாது, ஆனாலும் எண்ணெய் கருகத் தொடங்கும் இடத்துக்கு ரொம்பத் தூரம் இல்லை. கருகினால் கரி படியும், கரி வால்வில் ஒட்டும், வால்வு சரியாக மூடாவிட்டால் அதே காற்று திரும்பத் திரும்ப அமுங்கி இன்னும் சூடாகும், கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் உள்ளேயே உற்பத்தியாகும்.

ஆகையால் எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. கார் எஞ்சின் எண்ணெய் வேண்டாம், அதில் அழுக்கைக் கரைக்கச் சேர்த்த சரக்கு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மெஷின்காரர் சொன்ன கெட்டித்தன்மையில் சிந்தெடிக் கொம்ப்ரெசர் எண்ணெய் வாங்குங்கள். மூச்சுக்கு என்றால் அதற்கென்றே விற்கும் எண்ணெய் மட்டும்.

தண்ணீரால் குளிரும் வகை என்றால் ஒரு பெரிய வாளி, அதில் மீன்தொட்டிக்குப் போடும் சின்ன பம்பு, இரண்டு ரப்பர் குழாய். வாளி சின்னதாக இருந்தால் இந்த வெயிலுக்குத் தண்ணீர் பத்து நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிடும், கடையில் ஐஸ் பை ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள். தண்ணீர் ஓடுகிறதா என்று மெஷினைப் போடும் முன் பார்க்க வேண்டும், போட்ட பிறகு இல்லை. தலைப்பாகத்தின் வெப்பமானி 65, 70ஐத் தொட்டால் நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, ஆறவிட்டுத்தான் மறுபடி. அவசரம் என்று ஓட்டினால் முதலில் போவது மேல் கட்டத்து வளையம். மோட்டார் 1.8 கிலோவாட் என்றால் 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சுவரில் உள்ள 13 ஆம்பியர் பிளக்கில் நேராகப் போடுங்கள், பசார் மாலாமில் வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷனில் வேண்டாம். வாளித் தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், வீட்டு மெயின் பெட்டியில், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஈஎல்சிபி வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

இதுதான் நம்ம ஊர்ப் பிரச்சினை. 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. 10 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில் வீடியோ எடுக்கிறவர் ஊரில் அது 5 கிராம்கூட இல்லை. பத்து லிட்டர் தோம்பில் 200 பார் என்றால் வெளியிலிருந்து 2 கன மீட்டர் காற்றை உறிஞ்ச வேண்டும். நமக்கு 48 கிராம் தண்ணீர், அவருக்கு 10க்கும் கீழே. அந்தப் பத்து லிட்டர் இடத்தில் ஆவியாகவே தங்கக்கூடியது சுமார் 0.3 கிராம், முப்பது டிகிரியில் அவ்வளவுதான் பிடிக்கும். மீதி எல்லாம் எங்கேயாவது தண்ணீராக மாறியே ஆக வேண்டும். நீங்கள் வடிகட்டி வெளியே விடாதது தோம்புக்குள் போய் உட்காரும்.

நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுக்கும் சின்ன மெஷின் என்றால் அந்தத் தோம்புக்கு 50 நிமிடம் ஓட வேண்டும். அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஐந்து கிராம், ஒரு டீஸ்பூன் தண்ணீர். மெஷினில் தண்ணீரைப் பிரித்துத் தேக்கும் பிரிப்பான் குட்டி, அவ்வளவுதான் பிடிக்கும். குளிர்நாட்டில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்துவிடுங்கள் என்றால், இங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. மழை பெய்து விட்ட மாலை என்றால் அதற்கும் முன்பாக.

வடிக்கும் திருகை எப்படித் திறப்பது என்பதும் ஒரு கைப்பழக்கம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, திருகின் வாய்க்கு நேரே கையோ முகமோ இல்லாதபடி பக்கவாட்டில் நின்று, கால் சுற்றுதான் திருப்ப வேண்டும். முதலில் வருவது சத்தமில்லாத, பால் மாதிரி வெளுத்த திரவம், எண்ணெயும் தண்ணீரும் கலந்தது. பிறகு துப்பித் துப்பி வரும், பிறகு சுத்தமாக 'ஸ்ஸ்' என்று காற்று மட்டும். அந்தச் சத்தம் வந்ததும் மூடிவிடலாம். கீழே ஒரு பழைய மைலோ டின்னில் துணியைத் திணித்து வைத்தால் தரை நாறாது. அந்தப் பால் திடீரென்று காப்பி நிறத்துக்கு மாறினால் எண்ணெய் கருகுகிறது. சிவப்பாக வந்தால் உள்ளே எங்கேயோ துரு. வெறும் தண்ணீராக, எண்ணெயே இல்லாமல் வந்தால் எண்ணெய் அளவைப் பாருங்கள்.

பிரிப்பான் தண்ணீரைத்தான் பிரிக்கும், ஆவியைப் பிரிக்காது. ஆவியைப் பிடிக்க 13எக்ஸ் என்ற மாலிக்யூலர் சீவ் மணிகள் வேண்டும், தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீரைக் குடிக்கும். மெஷினோடு ஓசியாகத் தரும் பஞ்சு அடைத்த குழாய் இந்த வேலையைச் செய்யாது, அதில் உள்ள பஞ்சு துளிகளைத்தான் பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். பெரிய வடிகட்டிக் குழாய் ஒன்றைத் தனியாக வாங்குங்கள், அதற்கும் வேலை அழுத்தம் குத்தியிருக்க வேண்டும், கடைந்து கொடுக்கும் லேத் கடையில் செய்துவாங்கக் கூடாது. அதோடு ஒரு பிரெஷர் மெயின்டெய்னிங் வால்வு சேர்த்து வாங்கினால் விசேஷம். அது, வடிகட்டிக்குள் 120, 130 பார் வந்த பிறகுதான் தோம்புக்கு வழிவிடும். ஏன் என்றால், 45 டிகிரியில் 20 பாரில் போகும் காற்று, 150 பாரில் போகும் காற்றைவிட ஏழு மடங்குக்கு மேல் தண்ணீரைச் சுமந்துகொண்டு போகும். காலித் தோம்பில் ஏற்றத் தொடங்கும் முதல் கால்மணி நேரம்தான் ஆக ஈரமான காற்று உள்ளே போகிற நேரம். இந்த ஒரு வால்வு அதை நிறுத்துகிறது. மெஷினுக்கும் வடிகட்டிக்கும் நடுவே இரண்டு மீட்டர் செம்புக் குழாயைச் சுருட்டி வாளித் தண்ணீரில் போட்டு ஆற்றுபவர்களும் உண்டு, யோசனை சரிதான், ஆனால் அந்தக் குழாயின் சுவர்த் தடிமன் 300 பாருக்குரியதா என்று எழுத்தில் காட்ட முடிந்தால் மட்டும். ஏர்கோன் செம்புக் குழாய் இல்லை.

இரும்புத் தோம்பில் தண்ணீர் தங்கினால் உள்ளே துரு சீக்கிரம் பிடிக்கும், காரணம் அங்கே ஆக்ஸிஜனும் பல மடங்கு அடர்த்தி. துருப்பிடிக்கும்போது அந்த ஆக்ஸிஜனையே தின்றுவிடும் என்பதால், ரொம்ப நாள் கிடந்த ஈரத் தோம்பின் காற்றை மூச்சுக்கு எடுப்பது ஆபத்து.

ஏற்றும் வேலை

இடம் முதலில். பிளாட் வீட்டுப் பால்கனி வேண்டாம், கீழே ஆள் நடமாட்டம், பக்கத்தில் சுவர் ஒரு செங்கல். தரை வீடு என்றால் பிள்ளைகள் ஓடாத பின்பக்கம். தோம்பை நிற்க வைத்துக் கட்டுங்கள், அதன் வால்வு உங்கள் பக்கம் பார்க்க வேண்டாம். ஹோஸின் இரண்டு முனையையும் கயிறாலோ கம்பியாலோ கட்டிவைத்தால், பிடுங்கினாலும் சாட்டை போலச் சுழற்றாது.

மெஷினை முதலில் காலியாக, வடிகால் திறந்தபடி இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் ஓடுகிறது, சத்தம் ஒழுங்கு, எண்ணெய் அளவு சரி என்றால் மூடி, தோம்பை மாட்டி, தோம்பு வால்வை மெதுவாகத் திறங்கள். வேகமாகத் திறந்தால் ஹோஸில் ஒரு நொடியில் காற்று அமுங்கி அங்கேயே சூடேறும். 50 பாரில் ஒருமுறை நிறுத்தி, சோப்புத் தண்ணீரை எல்லா மூட்டிலும் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். விரலால் தடவிக் கசிவைத் தேடாதீர்கள், ஊசித்துளை வழியே வரும் காற்று தோலுக்குள் நுழையும், வெளியே சின்னப் புள்ளி மாதிரி தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கசிந்தால் இறுக்கவும் கூடாது. நிறுத்தி, அழுத்தம் முழுக்க இறங்கி கேஜ் சுழியத்துக்கு வந்த பிறகுதான் ஸ்பானர்.

அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு வடிப்பு, கண் வெப்பமானியிலும் கேஜிலும். பக்கத்தை விட்டு நகர வேண்டாம், போன் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு எடுங்கள். தோம்பைத் தொட்டால் சூடாக இருக்கும். 60 டிகிரியில் 200 பார் காட்டினால் ஆறி 30க்கு வரும்போது 182தான் இருக்கும். அதற்காகச் சூட்டிலேயே 220க்கு ஏற்றிவைக்காதீர்கள், ஆறிய பிறகு மறுபடி கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். முடிந்ததும் தோம்பு வால்வை மூடி, வடிகாலைத் திறந்து ஹோஸைக் காலியாக்கி, மெஷினை நிறுத்தி, கடைசியில் கழற்றுங்கள். கழற்ற வராமல் இறுகி நின்றால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது, பலத்தைப் போட வேண்டாம்.

மூச்சுக்கு என்றால்

நேராகவே சொல்லிவிடுகிறேன், ஆயிரம் வெள்ளி மெஷினில் ஏற்றிய காற்றை நான் தண்ணீருக்கடியில் மூச்சாக இழுக்க மாட்டேன். ஐரோப்பாவின் மூச்சுக்காற்றுத் தரமான ஈஎன் 12021 கார்பன் மோனாக்சைடு 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு), கார்பன் டை ஆக்சைடு 500 பிபிஎம் என்று எல்லை வைத்திருக்கிறது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு, விஷமும் உடம்புக்கு நான்கு மடங்காகத் தெரியும். மேலே தலைவலியோடு போகக்கூடியது கீழே மயக்கமாக முடியும். அப்படியும் செய்தே தீருவேன் என்பவருக்கு மூச்சுக்காற்றுக்கு என்று செய்த மெஷின், சீவ் மணிக்குப் பிறகு கரியும், கார்பன் மோனாக்சைடைப் போக்கும் ஹாப்கலைட்டும் உள்ள வடிகட்டி, ஒவ்வொரு தோம்பையும் சோதிக்க ஒரு கார்பன் மோனாக்சைடு மீட்டர், இம்மூன்றும் குறைந்தபட்சம். ஹாப்கலைட் ஈரம் பட்டால் செத்துவிடும், ஆகவே மறுபடி தண்ணீர்க் கதைதான்.

காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்பதும் முக்கியம். லோரி நிற்கும் தெருப்பக்கம் வேண்டாம், ஜெனரேட்டர் பக்கம் வேண்டவே வேண்டாம். டெங்கிக்குக் கொசுப்புகை அடித்த அன்று, புகைமூட்டம் வந்த வாரம், சீனர்களின் பசிப்பேய் மாதத்தில் பக்கத்து வீட்டார் காகிதம் எரிக்கும் சாயங்காலம், இந்த நேரங்களில் மெஷின் சும்மா கிடக்கட்டும்.

காற்றை அடுத்தவருக்கு ஏற்றிக் காசு வாங்கும் எண்ணம் இருந்தால் அது வேறு கணக்கு. பட்டறைக் கொம்ப்ரெசர் டாங்கியில் பிஎம்டி எண் குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், தொழில் பாதுகாப்புத் துறையான ஜேகேகேபியின் பதிவு அது. 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1ஆம் தேதியோடு ரத்தாகி, இப்போது எல்லாம் திருத்தப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பழைய ஆளிடம் கேட்டுத் தெரிந்ததை நம்பாமல் அவர்கள் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற கேஸ்கள்

இந்த மெஷினில் ஆக்ஸிஜனை விடக் கூடாது. எண்ணெய் படிந்த சிலிண்டரில் அழுத்தமான ஆக்ஸிஜன் பட்டால் நெருப்புக்குத் தீக்குச்சி தேவையில்லை. ஏர்கோன் குழாயை ஆக்ஸிஜன் தோம்பால் டெஸ்ட் செய்யும் பழக்கமும் இதே காரணத்தால் ஆட்களைக் கொன்றிருக்கிறது. அசெட்டிலீன் 1 பாருக்கு மேலே போனாலே காற்றே இல்லாமல் தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடும், அதனால்தான் அதைத் தோம்புக்குள் அசெட்டோனில் கரைத்து வைக்கிறார்கள். சமையல் கேஸ், ஹைட்ரஜன், ஏர்கோன் கேஸ், எதுவும் கூடாது. மீன்தொட்டிக்கு கார்பன் டை ஆக்சைடு வேண்டும் என்பவர்கள் அமுக்க வேண்டியதே இல்லை, அது திரவமாக எடை பார்த்துத்தான் நிரப்பப்படும், கேஜ் பார்த்து இல்லை. 31 டிகிரிக்கு மேல் அது திரவமாகவே இருக்காது, நம்ம மத்தியான வெயிலுக்கு அதிகமாக நிரப்பிய தோம்பில் அழுத்தம் எங்கேயோ போய் நிற்கும். கடையில் நிரப்பித் தரட்டும்.

கடைசியாக ஏற்றிய தோம்பைக் கொண்டுபோவது. பின்சீட்டில் உருளவிட வேண்டாம், காரின் பின்பக்கப் பூட்டில் (டிக்கியில்) குறுக்காக வைத்துக் கட்டுங்கள். குவீன்ஸ்பே மாலில் வெயிலில் காரை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் சுற்றினால் பூட்டுக்குள் 65 டிகிரி வந்துவிடும், 30 டிகிரியில் 200 பாராக இருந்தது 223 ஆகிவிடும். அன்றைக்கு அப்படி நிறுத்தத்தான் வேண்டும் என்றால் 170 பாரோடு நிறுத்திக்கொண்டு கிளம்புங்கள். வீட்டில் நாள்கணக்கில் சும்மா வைப்பதானால் நிற்க வைத்து, 20, 30 பார் மட்டும் உள்ளே விட்டு, நிழலில் வையுங்கள். அந்தக் கொஞ்ச அழுத்தம் இருந்தால்தான் வெளிக்காற்று ஈரம் உள்ளே போகாது.